பழைய ரயில் பெட்டி: உங்களுக்கு மறக்காத ஒண்ணு

ஹேண்ட்பிரேக்:
வாலாஜாபாத்ல கார் ஏத்துற டிரைவர் நான். ஏத்துறது என்எம்ஜி ரேக்ல, அதான் ஓடி முடிச்ச பயணிகள் பெட்டிகளக் கார் ஏத்துற மாதிரி மாத்தின சரக்கு ரயில். கடைசிப் பெட்டியோட முகப்புக் கதவு வழியா ஏறி, பெட்டிக்குப் பெட்டி தாண்டி உள்ளேயே ஓட்டிட்டுப் போகணும். ஜன்னலெல்லாம் தகடு வெச்சு அடைச்சது, கும்மிருட்டு. போன மாசம் ஏழெட்டுப் பெட்டி தாண்டினதும் ஹெட்லைட் சுவர்ல விழுந்துச்சு. புதுப் பெயிண்ட் உரிஞ்ச இடத்துல "நிறுத்த சங்கிலியை இழுக்கவும்". கால் தானா பிரேக்குக்குப் போயிடுச்சு. பின்னாடி வந்தவன் ஹாரன்ல கைய எடுக்கவே இல்ல.

ஃபிட்டர்_67:
2020 ஏப்ரல். ஊரே அடங்கிக் கிடந்தப்ப எங்க ஷெட்டுல மட்டும் சுத்தியல் சத்தம். ஏசி இல்லாத ஸ்லீப்பர் பெட்டிய கொரோனா வார்டா மாத்தினோம். நடு பெர்த்தக் கழட்டணும், ஒரு கக்கூஸ குளிக்கிற ரூம் ஆக்கணும், ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கணும். நாடு முழுக்க 5,000 பெட்டிக்கு மேல. ஒரு பெர்த்தக் கழட்டினா பின்பக்கப் பலகையில பால்பாயிண்ட் எழுத்து: "கீமோ 3 முடிஞ்சது. இட்லி சாப்பிட்டார்." எல்லாத்தையும் துடைக்கச் சொன்னாங்க. அத மட்டும் விட்டுட்டேன். அந்தப் பெட்டியில கடைசி வரைக்கும் ஒரு நோயாளியும் படுக்கல.

ஸ்க்ரூ கப்ளிங்:
ஆளாளுக்கு உருகுறீங்க. 1955-ல பெரம்பூர்ல ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஆரம்பிச்சப்ப அந்த சுவிஸ் டிசைன் பெரிய விஷயம்தான், மறுக்கல. ஆனா விபத்துன்னா ஒரு பெட்டி இன்னொண்ணு மேல ஏறும். புது டிசைனான எல்எச்பி-யில பெட்டிகள நடுவுல இணைக்கிற கப்ளிங் அதத் தடுக்குது. 2018 ஜனவரியோட பழைய டிசைன நிறுத்தினது அதனாலதான். அடுத்து, ஹேண்ட்பிரேக் தம்பி, மூடின பெட்டிக்குள்ள இன்ஜின ஓடவிட்டு நிக்காதீங்க, புகை ஆளையே சாய்ச்சிடும். கார நிறுத்தினதும் சாவியத் திருப்பிட்டு உடனே வெளிய வாங்க. பெட்டி எந்த வருஷத்துதுன்னு பாக்கணும்னா நம்பர்ல முதல் ரெண்டு இலக்கம்: 96-ன்னா 1996. பழைய ஐசிஎஃப் பெட்டின்னா அதோட 25-ஐக் கூட்டினா ஆயுள். ஏறும்போது பாத்து வெச்சுக்கறது நல்ல பழக்கம், பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுங்க.
என் அனுபவம்: பத்து வயசுல மேல் பெர்த்துல இருந்து விழுந்தேன்.

கேம்ப் கோச் பொண்ணு:
ஸ்க்ரூ கப்ளிங் அண்ணா, உருகினா என்ன தப்பு? நான் பொறந்து வளந்ததே பழைய ரயில் பெட்டிக்குள்ளதான். அப்பாவுக்குத் தண்டவாள வேலை. மீட்டர்கேஜ அகலப்பாதை ஆக்கின சமயம், ஓடி முடிச்ச பெட்டிய சைடிங்ல, அதான் ஓரத் தண்டவாளத்துல, நிறுத்தி அதுலயே குடும்பம். அடுப்பு, தொட்டில், சாமி படம் எல்லாம் உள்ள. ஒரு ராத்திரி, பெட்டிய இடம் மாத்துற ஷண்டிங் இன்ஜின் வந்து முட்டினதுல ரசச் சட்டி கவுந்துடுச்சு. அம்மா திட்டிக்கிட்டே தரையத் துடைச்சாங்க. விடிஞ்சு கதவத் திறந்தா வேற ஊர். வேப்பமரத்துக் கொடியில காயப்போட்ட என் யூனிஃபார்ம் மட்டும் பழைய ஊர்லயே நின்னுடுச்சு.

ஃபிட்டர்_67:
ஹேண்ட்பிரேக், அந்த எழுத்துக்கு மேல சங்கிலி இருந்துச்சா?

ஹேண்ட்பிரேக்:
இல்லண்ணே. ரெண்டு ஸ்க்ரூ ஓட்டைதான்.