எஸ்.டபிள்யூ.டி. இணைப்பு: ஒரே நிரலேற்றி, மூன்று விதமான தோல்வி

கேள்வி: பலகைப்பட்டறை (வெள்ளவத்தை)

வணக்கம். மீன் களஞ்சியங்களின் குளிரறை வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறு பலகைகளை நானும் என் மைத்துனரும் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டோடு சேர்ந்த பட்டறையில் பொருத்தி விற்கிறோம். பலகையில் இருப்பது எஸ்.டி.எம்.32எஃப்103 சில்லு. மேசையில் வேலை செய்பவர் கணினியே இல்லாமல் ஒரு பொத்தானை அழுத்தி நிரலை ஏற்ற வேண்டும் என்பதற்காக, ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு பலகை ஒன்றை வழுநீக்கியாக (சில்லுக்குள் நிரலை ஏற்றவும் சோதிக்கவும் உதவும் கருவியாக) மாற்றி, சில்லோடு தரவு, கடிகாரம் என்ற இரண்டே கம்பிகளில் பேசும் எஸ்.டபிள்யூ.டி. நெறிமுறையை நானே எழுதியிருக்கிறேன். பலகையின் அடிப்புறத்தில் வந்து தொடும் சுருள்வில் ஊசிகள் நான்கு: 3.3 வோல்ற், தரை, தரவு, கடிகாரம்.

புதிய பலகைகளில் பெரும்பாலானவை முதல் அழுத்தலிலேயே நிரலை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் ஒரு தடவை நிரல் ஏறிய பலகை, திருத்திய நிரலுக்காகத் திரும்பி வரும்போது பதில் சொல்வதே இல்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் சில்லு திருப்பிச் சொல்ல வேண்டிய மூன்று பிட் ஒப்புகைக்குப் பதிலாக எப்போதும் 7 என்ற எண்ணே வருகிறது.

இரண்டாவது சிக்கல் வேறு விதமானது. புறக்கோட்டையில் அண்மையில் வாங்கிய ஒரு தொகுதிச் சில்லுகள் அடையாள எண்ணாகப் பதினறும எண் 1பிஏ01477 என்பதற்குப் பதில் 2பிஏ01477 என்று சொல்கின்றன. என் நிரல் அவற்றை ஏற்காமல் நின்றுவிடுகிறது.

மூன்றாவதுதான் என் உறக்கத்தைக் கெடுப்பது. நிரல் 4096 பைட்டைத் தாண்டினால், எழுதியதை மீண்டும் படித்துச் சரிபார்க்கும் கட்டத்தில் அதற்குப் பிந்திய பகுதி பொருந்துவதில்லை. சில வேளைகளில் இடையில் ஃபோல்ட் (பிழை) ஒப்புகை வந்துவிடும். அதன் பின்னர், உரையாடலை முதலிலிருந்து தொடங்கும் லைன் ரீசெட் துடிப்புகளை எத்தனை தடவை அனுப்பினாலும், மின்சாரத்தைத் துண்டிக்கும்வரை ஃபோல்ட் மட்டுமே வருகிறது. இம்மூன்றுக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டா, அல்லது மூன்றையும் தனித்தனியே தேட வேண்டுமா என்று அறிந்தவர்கள் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

பதில் 1: கொட்டாஞ்சேனை_மின்னியல்

மூன்றும் மூன்று வெவ்வேறு தளங்களில் நிகழ்பவை. பொதுக் காரணத்தைத் தேடினால் நாட்கள் வீணாகும். முதலாவதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் அதே குழியில் நானும் விழுந்து எழுந்திருக்கிறேன்.

ஒப்புகையில் ஓகே என்றால் 1, வெயிட் (பொறு) என்றால் 2, ஃபோல்ட் என்றால் 4. நெறிமுறையில் 7 என்றொரு விடையே கிடையாது. தரவுக் கம்பியை எவரும் இயக்காதபோது மேலிழுக்கும் மின்தடை அதை உயர்நிலையில் வைத்திருப்பதால் மூன்று பிட்டும் 1 ஆகத் தெரிகின்றன. ஆகவே உங்கள் சில்லு தவறான விடை சொல்லவில்லை. அது பேசவே இல்லை. நீங்கள் அனுப்பிய கோரிக்கையின் பரிட்டி (பிழை சரிபார்க்கும் பிட்) பிழையாக இருந்தாலும் சில்லு இவ்வாறே மௌனமாக இருக்கும் என்றாலும், புதிய பலகைகளில் அதே நிரல் வேலை செய்வதால் அந்தச் சந்தேகத்தை ஒதுக்கிவிடலாம்.

பலகையின் நிரலை, சில்லைச் செய்யும் எஸ்.டி. நிறுவனத்தின் நிரலாக்கக் கருவியான கியூப்எம்எக்ஸில் உருவாக்கினீர்களா? உங்கள் எஃப்103 சேர்ந்த எஃப்1 குடும்பத்தில் வழுநீக்க வசதியைத் தெரிவு செய்யாமல் விட்டால், உருவாகும் நிரல் தொடங்கியவுடனேயே எஸ்.டபிள்யூ.டி. தரவும் கடிகாரமும் செல்லும் பிஏ13, பிஏ14 ஆகிய இரு முனைகளையும் வழுநீக்க வாயிலிலிருந்து (சில்லுக்குள் எஸ்.டபிள்யூ.டி.க்கு விடை சொல்லும் பகுதியிலிருந்து) விடுவித்துவிடுகிறது. வெற்றுச் சில்லு முதல் தடவை நன்றாக இணைவதும், நிரல் ஏறியபின் கதவு சாத்தப்பட்டதுபோல் ஆவதும் அதனால்தான். பலகை இரு அளவீடுகளுக்கு இடையில் ஸ்டொப் எனும் ஆழ்ந்த உறக்க நிலையில் உறங்குமானால் அதுவும் இணைப்பைத் துண்டிக்கும்.

இதற்கு வழி, ரீசெட் முனையைத் தாழ்நிலையில் பிடித்துக்கொண்டே இணைவது. இந்தக் குடும்பத்தில் ரீசெட் அழுத்தப்பட்டிருக்கும்போதும் வழுநீக்க வாயில் விழித்திருக்கும். வழக்கமான தொடக்கத்தை அப்போதே அனுப்புங்கள்: தரவை உயர்நிலையில் வைத்து 50 துடிப்புகளுக்குக் குறையாமல், பிறகு ஜேடேக் என்ற மற்றொரு வழுநீக்க நெறிமுறையிலிருந்து எஸ்.டபிள்யூ.டி.க்கு மாற்றும் 16 பிட் எண்ணான பதினறும ஈ79ஈ கடைசி பிட்டிலிருந்து முதல் பிட்டுக்கு, மீண்டும் 50 துடிப்புகள், இரண்டு பிட் ஓய்வு, பின்னர் அடையாள எண்ணைப் படித்தல். லைன் ரீசெட்டுக்குப் பின் முதலில் அடையாள எண்ணைத்தான் படிக்க வேண்டும். வேறெதையும் கேட்டால் சில்லு விடை தராது. அடுத்து வழுநீக்கப் பகுதிக்கும் முழுச் சில்லுக்கும் மின்சாரம் கோரும் இரு பிட்டுகளையும் வழுநீக்க வாயிலின் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் இட்டு, அவற்றுக்கான ஒப்புதல் பிட்டுகள் வரும்வரை காத்திருங்கள். பிறகு ஈ000ஈடிஎஃப்0 முகவரியில் ஏ05எஃப்0003 என்றும், ஈ000ஈடிஎஃப்சி முகவரியில் 1 என்றும் எழுதிவிட்டு ரீசெட்டை விடுங்கள். கரு (சில்லில் நிரலை ஓட்டும் பகுதி) தன் முதற் கட்டளையை நிறைவேற்றுமுன்பே நின்றுவிடும். எந்த நிரல் உள்ளே இருந்தாலும் அது முனைகளைப் பறிக்க நேரம் கிடைக்காது.

உங்கள் நான்கு ஊசிகளில் ரீசெட் இல்லை. ஐந்தாவதைப் போடுங்கள். அதுவரை, பூட்0 முனையை உயர்நிலையில் வைத்து மின்சாரம் கொடுத்தால் சில்லு தன் உள்ளமைந்த தொடக்க நிரலுக்குள் போகும். உங்கள் நிரல் ஓடாததால் இணைப்புக் கிடைக்கும்.

பதில் 2: தெகிவளை_சுற்று

மேலே சொன்னது முற்றிலும் சரி. மின்சுற்றுப் பக்கத்திலிருந்து சிறிது சேர்க்கிறேன். ஊசித் தாங்கியிலிருந்து பிக்கோ வரையுள்ள கம்பியின் நீளத்தையும் கடிகார வேகத்தையும் நீங்கள் எழுதவில்லை. சில்லு தரவுக் கம்பியைக் கடிகாரத்தின் ஏறு விளிம்பில் படிக்கிறது. தன் விடையையும் ஏறு விளிம்பில்தான் மாற்றுகிறது. ஆகவே உங்கள் பக்கம் இறங்கு விளிம்பில் தரவை மாற்றி, அடுத்த ஏறு விளிம்புக்குச் சற்று முன்பு படிக்க வேண்டும். ஏறு விளிம்புக்குப் பின் படிப்பவர்களுக்குக் குட்டைக் கம்பியில் ஓடுவது நீளக் கம்பியில் ஓடாது. குறை கம்பியில் இருப்பதாக நினைத்துக் கம்பியையே மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எட்டு அலைவரிசைகளும் 24 மெகாஹேர்ட்ஸ் மாதிரி வேகமும் கொண்ட சிறிய தர்க்கப் பகுப்பாய்வி கிடைக்கும். பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளில் எஸ்.டபிள்யூ.டி. பொதிகளைப் பிரித்துக் காட்டும் வசதி உண்டு. ஆனால் 4 மெகாஹேர்ட்ஸ் கடிகாரத்தை அதனால் பார்த்தால் ஒரு துடிப்புக்கு ஆறு மாதிரிகளே கிடைக்கும் என்பதால், சோதிக்கும்போது 1 மெகாஹேர்ட்ஸ்சுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். அதே பலகையில், பிக்கோவுக்கென ராஸ்பெரி பை வெளியிட்ட டிபக்புரோப் நிரலையும், கணினியில் ஓடும் ஓப்பன்ஓசிடி என்ற வழுநீக்க மென்பொருளையும் கொண்டு ஒரு தடவை இணைத்து, அந்த அலைவடிவத்தைப் பதிந்து வைத்து, உங்களுடையதை அதன் அருகில் வைத்து ஒப்பிடுங்கள். சொந்தமாக எழுதும் எவருக்கும் இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடைக்காது.

பலகைப்பட்டறை எழுதியது:

இருவருக்கும் நன்றி. கியூப்எம்எக்ஸ் பற்றிய ஊகம் மிகச் சரி: வழுநீக்கத் தெரிவு இல்லாமலேயே நிரலை உருவாக்கியிருக்கிறோம், பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் பலகை விழிக்கிறது. ஒரு பலகையின் ரீசெட் முனைக்கு மெல்லிய கம்பியொன்றைப் பற்றவைத்துச் சொன்ன முறையில் இணைந்தேன். இரண்டு வாரமாகப் பேசாத பலகை பேசிவிட்டது. கம்பி 20 சென்ரிமீற்றர், வேகம் 1 மெகாஹேர்ட்ஸ், படிப்பது ஏறு விளிம்புக்கு முன்பே. ஆனால் 4096 பைட் சிக்கலும் நீங்காத ஃபோல்ட்டும் அப்படியே இருக்கின்றன.

பதில் 3: மொறட்டுவை_பழையமாணவன்

வழுநீக்க வாயிலுக்குப் பின்னால் அணுகல் வாயில் என்றொன்று இருக்கிறது. நினைவகத்தைத் தொடுவது அதுதான். அதன் முகவரிப் பதிவகத்தில் தொடக்க முகவரியை ஒரு தடவை இட்டுவிட்டு, ஒவ்வொரு படிப்புக்கும் முகவரி தானாகவே நான்கு பைட் கூடும்படி விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தத் தானியங்கிக் கூட்டல் முகவரியின் கீழ் 10 பிட்டுகளுக்கு, அதாவது 1024 பைட் எல்லைக்குள் மட்டுமே உறுதியானது என்று, இந்தக் கருவை வடிவமைத்த ஆர்ம் நிறுவனத்தின் வரையறை சொல்கிறது. உங்கள் சில்லில் உள்ள கோர்டெக்ஸ் எம்3 கருவில் அந்த எல்லை 4096 பைட். எல்லையைத் தாண்டும்போது முகவரி முன்னே செல்லாமல் அதே கட்டத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். உங்கள் பிந்திய பகுதியை உற்றுப் பாருங்கள்: முதல் 4096 பைட்டே மறுபடி வந்திருக்கும். 1024 பைட்டுக்கு ஒரு தடவை முகவரியைப் புதிதாக எழுதினால், நாளை எம்0 கருவுள்ள சில்லுக்கு மாறினாலும் நிரல் உடையாது.

இன்னொன்று. அணுகல் வாயிலிலிருந்து படிக்கும்போது கையில் கிடைப்பது முந்திய கோரிக்கையின் விடை. கடைசி விடையை வழுநீக்க வாயிலின் இடைத்தாங்கிப் பதிவகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். இதை நீங்கள் ஏற்கெனவே கையாண்டிருப்பீர்கள், இல்லாவிட்டால் முதல் 4096 பைட்டும் பொருந்தியிராது.

ஃபோல்ட்டுக்கு வருவோம். ஒரு நினைவக அணுகல் தவறினால் வழுநீக்க வாயில் ஒரு பிழைக்குறியை ஏற்றிவைக்கும். அது தானாக இறங்காது. குறி ஏறியிருக்கும்வரை அணுகல் வாயிலுக்கான ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஃபோல்ட் என்றே விடை வரும். லைன் ரீசெட் கம்பியில் உரையாடலைச் சீர்செய்யுமே தவிர, அந்தக் குறியைத் தொடாது. ஃபோல்ட் வந்ததும் முதலில் கட்டுப்பாட்டுப் பதிவகத்தைப் படித்து எந்தக் குறி என்று பதிவு செய்யுங்கள். அந்த நிலையிலும் அதைப் படிக்க இயலும். பிறகு அபோட் பதிவகத்தில் பதினறும 1ஈ என்று எழுதினால் எல்லாக் குறிகளும் அழியும். மாறாக, வெயிட் வந்தால் எதையும் அழிக்க வேண்டாம். அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்புவதே போதும். அங்கே ஒரு கண்ணி உண்டு: வெயிட் அல்லது ஃபோல்ட் வந்தால், மிகையோட்டத்தைக் கண்டறியும் வசதியை நீங்கள் இயக்காத வரையில், தரவுக் கட்டம் வராது. 32 தரவு பிட்டுகளையும் பரிட்டியையும் எதிர்பார்த்துத் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருந்தால் சில்லு அவற்றைப் புதிய கோரிக்கையாக எடுத்துக்கொண்டு குழம்பும். பிறகு 7 வரும். உடனே கம்பியில் குறை என்று தோன்றும். மூன்று ஒப்புகைகளுக்கும் 7க்கும் நான்கு தனி வழிகள் நிரலில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் "மீண்டும் முயல்க" என்று ஒரே வழி வைத்திருப்பதுதான் சொந்த நிரலேற்றிகளில் நான் அதிகம் காணும் குறை.

அடையாள எண் விடயத்தில் சற்று நிதானம் தேவை. கடைசியில் உள்ள 477 என்பது வழுநீக்க வாயிலை வடிவமைத்த ஆர்மைக் குறிக்கிறது. சில்லை யார் செய்தார் என்பதை அன்று. முதலில் உள்ள 1, 2 என்பவை அந்த வாயிலின் திருத்தப் பதிப்பு. எஸ்.டி. நிறுவனத்தின் எஃப்4 குடும்பமும் 2பிஏ01477 என்றே சொல்லும். ஆனால் உண்மையான எஃப்103 சொல்வது 1பிஏ01477தான். ஆகவே உங்கள் கையில் இருப்பது மேலே எஃப்103 என்று அச்சிட்ட வேறொரு சில்லு. நிரலேற்றியில் அந்த எண்ணையும் அனுமதித்தால் பெரும்பாலும் ஏறிவிடும். ஏற்றலாமா என்பது வேறு கேள்வி: மீன் களஞ்சியத்தில் ஓராண்டு உறங்கி விழிக்கப்போகும் பலகைக்கு, உறக்க மின்னோட்டமும் ஃபிளாஷ் எழுதும் நேரமும் மூலச் சில்லுக்கு ஒப்பானவையா என்று அளக்காமல் அவற்றைப் பொருத்த வேண்டாம் என்பதே என் கருத்து.

பதில் 1 எழுதியவர் மீண்டும்:

உறக்க மின்னோட்டத்தை அளப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. உறக்கத்திலும் இணைப்பு நிலைக்க வேண்டும் என்று ஈ0042004 முகவரியில் 7 எழுதும் வழக்கம் பல வழுநீக்கிகளுக்கு உண்டு. சாதாரண ரீசெட் அதை அழிக்காது. மின்சாரத்தை முழுதாக நிறுத்தி மீண்டும் கொடுத்த பிறகே அளவெடுங்கள். இல்லாவிட்டால் நல்ல சில்லும் மின்கலத்தைக் குடிப்பதுபோல் தெரியும்.

பலகைப்பட்டறை எழுதியது:

முதல் 4096 பைட்டே மறுபடி வந்திருந்தது. முகவரியை 1024க்கு ஒரு தடவை எழுதியதும் முழு நிரலும் பொருந்திவிட்டது. வெயிட்டுக்குப் பின் 33 துடிப்புகளைத் தேவையின்றி அனுப்பிக்கொண்டிருந்ததையும் பகுப்பாய்வியில் கண்டேன். அதைத் திருத்திய பிறகு ஃபோல்ட் ஒரு தடவைகூட வரவில்லை. வந்தால் குறியைப் படித்துப் பதிந்துவிட்டு அழிக்கும் வழியும் இப்போது நிரலில் இருக்கிறது. ஊசித் தாங்கியில் ஐந்தாவது துளையை மைத்துனர் இன்று துளைத்துவிட்டார். 2 என்று தொடங்கும் சில்லுகளைத் தனிப் பெட்டியில் ஒதுக்கி வைத்திருக்கிறோம். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்து, இரு வகையிலும் ஐந்தைந்து பலகைகளின் உறக்க மின்னோட்டத்தை அளந்து இங்கேயே எழுதுகிறேன்.