புதுப்பிப்பு: புது போனில் படம் மங்கிய கதை
விலை கூடிய புது போனில் பில்லைப் படம் எடுத்தால் ஓரமெல்லாம் மங்குகிறது, நாலு வருடப் பழைய போனே தேவலை என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா, காரணம் பிடிபட்டுவிட்டது. பழுது இல்லை. ஒளியைப் படமாக்கும் சென்சாரைப் பெரிதாக்கியதில் மெயின் கேமராவுக்குக் கிட்டத்துப் பொருளில் ஃபோகஸ் விழுவதில்லை, அதனால் ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோனால் போன் தானாகவே அகலமான காட்சி பிடிக்கும் அல்ட்ராவைட் கேமராவுக்குத் தாவி, அந்தப் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. இப்போது இப்படித் தானாகத் தாவும் மேக்ரோ வசதியை அணைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று 2 எக்ஸ் ஜூமில் எடுக்கிறேன். மளிகை பில்லில் துவரம் பருப்பு விலை வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது.

சரி, ஆனால் பெட்டியில் சார்ஜர் இல்லாத கடுப்பு மட்டும் தீரவில்லை, பழைய 5 வாட் சார்ஜரில் செருகினால் ராத்திரி முழுக்க ஏறுகிறது. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருக்கவே கூடாது.