மூளைக்கு 120 கிராம் சர்க்கரையா? யார் கிளப்பிவிட்டது இதை?

பி பிளாக் வாசு:
எங்கள் மடிப்பாக்கம் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் போட்டிருக்கிறார்: மூளைக்கு நாளொன்றுக்கு 120 கிராம் சர்க்கரை வேண்டுமாம், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன் இனிப்பு கொடுக்க வேண்டுமாம். கீழே வரிசையாகக் கும்பிடு வேறு. ஸ்பூனுக்கு 5 கிராம் என்றாலும் 24 ஸ்பூன்! எல்லோரும் படித்தவர்கள்தானே?

ரிடயர்டு மணி:
அந்தப் பெரியவர் நான்தான். குழுவில் கேட்கத் துப்பில்லை, இங்கே வந்து ஒப்பாரி. மூளை உடம்பு எடையில் 2 சதவீதம், ஆனால் சக்தியில் 20 சதவீதத்தைத் தின்கிறது. அதுதான் 120 கிராம். மறுக்க முடியுமா?

பி பிளாக் வாசு:
அது குளுக்கோஸ் சார், டப்பாவில் இருக்கும் சர்க்கரை இல்லை. இட்லியும் சோறும் செரித்தாலே குளுக்கோஸ்தான். சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் இருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஏகாதசிக்குப் பட்டினி கிடக்கிறீர்களே, அன்று மூளை நின்றா போகிறது? (இதற்குப் பதில் வேண்டாம்.)

ரிடயர்டு மணி:
ஆக, 120 என்பதை ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

நெல்லைக்காரி:
நீங்கள் ரெண்டு பேரும் பேசுவது சீனியைப் பற்றி. எங்கள் ஊரில் சர்க்கரை என்றால் வெல்லத்தூள். சர்க்கரைப் பொங்கலுக்குச் சீனியா போடுவீர்கள்?

லேப் கோட்டு:
சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். அந்த ரெண்டாவது பாதி மூளைக்குப் போவதில்லை, பெரும்பாலும் கல்லீரல்தான் அதைக் கையாள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், 5 சதவீதம் என்றால் இன்னும் நல்லது என்று. 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம்.

ரிடயர்டு மணி:
25 எங்கே, 120 எங்கே? மிச்சம் 95 கிராமுக்கு மூளை யார் வீட்டுக் கதவைத் தட்டும்?

லேப் கோட்டு:
சோற்றை சார். சோற்றை.

ரெண்டு பசங்க அம்மா:
பிறந்தநாள் கேக் உள்ளே போனால் என் சின்னவன் சோபா மேல் ஏறிக் குதிக்கிறான். இது மூளையில் ஏறாமல் வேறெங்கே ஏறுகிறதாம்?

லேப் கோட்டு:
1994இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். பிள்ளைகளுக்குச் சர்க்கரையே இல்லாத இனிப்பூட்டியைக் கொடுத்துவிட்டு, சில அம்மாக்களிடம் மட்டும் “சர்க்கரை கொடுத்திருக்கிறோம்” என்றார்கள். அந்த அம்மாக்களுக்குத்தான் பிள்ளை அதிகம் ஆடுவதாகத் தெரிந்தது.

ரெண்டு பசங்க அம்மா:
அப்போ நான் பொய் சொல்கிறேனா? நீங்கள் என் சின்னவனைப் பார்த்ததில்லை. சோபாவையும் பார்த்ததில்லை.

ரிடயர்டு மணி:
அம்மா சொல்வது சரி. நாக்கில் இனிப்பு பட்டதுமே மூளையில் டோபமின் என்ற ரசாயனம் சுரக்கிறது. மூளையே கேட்கிறது, கொடுக்காதே என்று சொல்ல வாசு யார்? 120.

பி பிளாக் வாசு:
டோபமின் சுரந்தால் இன்னொரு லட்டு வேண்டும் என்று தோன்றும். கெமிஸ்ட்ரி ஞாபகம் வராது. இவர் வீட்டில் காபி குடித்திருக்கிறேன். டம்ளர் அடியில் கரையாத சர்க்கரை ஒரு விரல்கடை நிற்கும், அதை விரலால் வழித்துச் சாப்பிடுவார். அந்த 120தான் இந்த 120.

ரிடயர்டு மணி:
என் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு இதையும் சொல்வாய். சம்ப் கழுவிய கணக்கில் 1,200 ரூபாய் இடிக்கிறது என்று நான் கேட்டதிலிருந்துதானே உனக்கு இந்தக் காய்ச்சல்?

பி பிளாக் வாசு:
ரசீது குழுவில் இருக்கிறது. மேலே தள்ளிப் பாருங்கள்.

ரிடயர்டு மணி:
பார்த்தேன். மங்கலாக இருக்கிறது, உன் குளுக்கோஸ் விளக்கம் மாதிரி.

நெல்லைக்காரி:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பொங்கலுக்கு எதைப் போடுவீர்கள்?

லேப் கோட்டு:
வெல்லம்தான். அதிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான்.

நெல்லைக்காரி:
எங்கள் ஊர்க் கருப்பட்டியைத் தொட்டால் தெரியும் சேதி.

ரிடயர்டு மணி:
சாயந்திரம் குழுவில் மறுபடியும் போடப் போகிறேன். தடித்த எழுத்தில். 120 கிராம் சர்க்கரை.

நெல்லைக்காரி:
சீனி.