17 மி.மீ. ஷாஃப்டில பெயாரிங் ஆடுது: நல்ல கலிப்பரா, மைக்ரோமீற்றரா?

பரந்தன் பட்டறை

வீட்டுப் பட்டறையில சின்ன லேத் மெசின் ஒண்டு கிடக்கு. வாட்டர் பம்புக்கு ஷாஃப்ட் கடையிறது, புஷ் அடிக்கிறது மாதிரி வேலைகள். 6203 பெயாரிங்குக்கு 17 மி.மீ. ஷாஃப்ட் கடைஞ்சால் டிஜிட்டல் கலிப்பர் 17.00 எண்டு காட்டுது. ஆனா ஒரு ஷாஃப்டில பெயாரிங் கையாலயே வழுக்கிப் போய் ஆடுது. அதே 17.00 காட்டின மற்றதில தட்டினாலும் ஏறுதில்லை. கலிப்பர் 0.01 வரை காட்டிற சாமான்தான். இப்ப ஒரு கருவிக்குத்தான் காசு இருக்கு. இதை விட நல்ல கலிப்பர் வாங்கட்டோ, மைக்ரோமீற்றர் வாங்கட்டோ? மைக்ரோமீற்றர் எண்டால் எந்த அளவு, டிஜிட்டலா சாதாரணமா?

ஒட்டுசுட்டான் லேத்

மைக்ரோமீற்றர். கலிப்பரை எறியவேண்டாம், நீளம், ஆழம், துளை எல்லாத்துக்கும் அதுதான் கை.

0.01 காட்டிறது வேற, 0.01க்குச் சரியா அளக்கிறது வேற. நல்ல கலிப்பருக்கே பிழை எல்லை ±0.02 மி.மீ.; மலிவானதுக்கு ±0.03 எண்டு எடுங்கோ. உங்கட 17.00 உண்மையில 16.97ஆகவும் இருக்கலாம், 17.03ஆகவும் இருக்கலாம். 6203இன்ர உள் விட்டம் 16.992க்கும் 17.000க்கும் இடையில வரும். ஷாஃப்டோட உள்வளையம் சுத்திற இடத்துக்கு வழமையா எடுக்கிற பொருத்தங்களில ஒண்டு கே5, அதாவது ஷாஃப்ட் 17.001இல இருந்து 17.009 வரை. எட்டு மைக்ரோன் (0.008 மி.மீ.) அகலமான வாசல். 60 மைக்ரோன் அகலத்துக்குத் தடுமாறிற கருவியை வைச்சு அந்த வாசலைக் கண்டுபிடிக்க ஏலாது. நல்ல கலிப்பருக்கு மாறினாலும் 40 மைக்ரோன், கதை அதேதான்.

கலிப்பரில அளவுகோல் ஒரு கோட்டிலயும் பொருள் அதுக்குக் கீழ இன்னொரு கோட்டிலயும் இருக்கிறதால தாடை துளி சரிஞ்சாலே அளவு மாறும். ஜேர்மன் பௌதிகவியலாளர் ஏர்ன்ஸ்ட் அபே 1890இலயே எழுதி வைச்ச விசயம். மைக்ரோமீற்றரில அளக்கிற திருகுப் புரியும் பொருளும் ஒரே கோட்டில நிக்குது.

வாங்கிறது: 0–25 மி.மீ., கார்பைட் முகம், ராச்செட் (ஒரே அழுத்தத்தில கிளிக் எண்டு வழுக்கிற பின்பிடி), பூட்டு. ஸ்லீவில (சுத்தாமல் நிக்கிற, கோடு போட்ட குழலில) வேணியர் கோடு உள்ளதா எடுங்கோ, 0.001 வரை வாசிக்கலாம். நல்ல கம்பனிச் சாமானில பிழை எல்லை ±0.002 மி.மீ. அளவில இருக்கும். பெட்டியில பெரிய பேர் அடிச்சிருக்கு எண்டு மட்டும் நம்பவேண்டாம், போலி நிறைய ஓடுது.

மாங்குளம்

மேல சொன்னது சரி. ஆனா மைக்ரோமீற்றர் வந்தாலும் அரைவாசிப் பிரச்சினை மிச்சம் இருக்கும். அது கடையிற விதத்தில.

முனை ஆரம் 0.4 மி.மீ. டூலால, ஒரு சுத்துக்கு டூல் 0.2 மி.மீ. நகர்ற ஊட்டத்தில கடைஞ்சால் மேற்பரப்பில புரி மாதிரி வரம்பு விழும். உயரக் கணக்கு: ஊட்டத்தின்ர வர்க்கம், அதை ஆரத்தின்ர எட்டு மடங்கால பிரிச்சால் 0.0125 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து விட்டத்தில 25 மைக்ரோன். எந்தக் கருவியும் வரம்பின்ர உச்சியைத்தான் அளக்கும். பெயாரிங்கைத் தட்டி ஏத்தேக்க உச்சி நசுங்கும், கொஞ்ச நாள் ஓட ஆடத் தொடங்கும். கடைசி வெட்டில ஊட்டத்தை 0.05க்கு இறக்குங்கோ, வரம்பு ஒரு மைக்ரோனுக்கும் குறைஞ்சிடும்.

மற்றது சூடு. கடைஞ்ச கையோட 60 பாகையில அளந்தால், 32 பாகைக்கு ஆறேக்க 17 மி.மீ. உருக்கு ஐஞ்சரை மைக்ரோன் சுருங்கும். உங்கட எட்டு மைக்ரோன் வாசலில ஐஞ்சரை போச்சு. ஆற விட்டு அளவுங்கோ.

ஷாஃப்டின்ர இரண்டு அந்தத்திலயும் அளக்கவேணும். டெயில்ஸ்ரொக் (ஷாஃப்டின்ர மற்ற அந்தத்தைத் தாங்கிற லேத் பகுதி) துளி விலகி இருந்தால் ஒரு அந்தம் 17.005, மற்ற அந்தம் 16.985 எண்டு வரும். ஏறாத உங்கட இரண்டாவது ஷாஃப்ட் இப்பிடிக் கூம்பா இருக்கவும் சாத்தியம்.

நெடுங்கேணி

சாதாரண மைக்ரோமீற்றரில புதுசா வாறவை எல்லாரும் விடுற பிழை அரை மில்லிமீற்றர். ஒரு சுத்துக்குப் புரி 0.5 மி.மீ. நகரும், சுத்திற உருளையில 50 பிரிவு. ஸ்லீவில அரைக் கோடு தெரிஞ்சும் அதைக் கூட்டாமல் விட்டால் 17.50 ஷாஃப்டை 17.00 எண்டு எழுதிப் போடுவீங்கள். அதனால என்ர அபிப்பிராயம் டிஜிட்டல்.

ஒட்டுசுட்டான் லேத்

ஏ.எல். பௌதிகவியலில நுண்மானித் திருகுக் கணிச்சி (இதே மைக்ரோமீற்றர்தான்) வாசிச்சவைக்கு அந்தப் பிழை ஒரு கிழமையில போயிடும். முதல் கலிப்பரால பருமட்டா அளந்துபோட்டு மைக்ரோமீற்றரை வைச்சால் அரை மில்லிமீற்றர் பிழை வரவே வராது. பற்றரி தேடி அலையவும் தேவையில்லை. டிஜிட்டல் சாமானுக்கு எஸ்ஆர் 44 சில்வர் ஒக்சைட் பற்றரி போடவேணும், கடையில தாறது பெரும்பாலும் எல்ஆர் 44 அல்கலைன். அளவு ஒண்டுதான், ஆனா அல்கலைனில வோல்ற்றளவு மெல்ல மெல்ல இறங்கும். இலக்கம் மினுங்கத் தொடங்கினால் முதல்ல பற்றரியைப் பாருங்கோ. மலிவுக் கலிப்பர் நிப்பாட்டி வைச்சாலும் உள்ள மின்சாரம் குடிக்கும், பாவிக்காத நாளில பற்றரியைக் கழட்டி வையுங்கோ.

கலிப்பரில ஆட்டம் இருந்தால் சறுக்கியின்ர (தண்டில நகர்ற பகுதியின்ர) மேல்விளிம்பில இரண்டு குட்டி ஸ்குரூ இருக்கும். மெல்ல இறுக்கி, சறுக்கி நிண்டதும் எட்டில ஒரு சுத்து தளர்த்திவிடுங்கோ. பொருளைத் தாடை நுனியில பிடிக்காமல் தண்டுக்குக் கிட்டப் பிடியுங்கோ. இவ்வளவும் செய்தால் அது செய்யக்கூடியதைச் செய்யும்.

பரந்தன் பட்டறை

அண்ணை, தெரிஞ்ச இடத்தில பாவிச்ச 0–25 ஒண்டு விலைக்கு இருக்கு, பார்க்கக் கேட்டு எடுத்து வந்தனான். வேணியர் கோடு இருக்கு. மூடினால் பூச்சியத்துக்கு 0.01 மேல நிக்குது. புது 608 பெயாரிங்கின்ர வெளி விட்டம் 22.01 காட்டுது. வாங்கலாமோ? சோதிக்க வேற கேஜ் ஒண்டும் கைவசம் இல்லை.

ஒட்டுசுட்டான் லேத்

கேஜ் உங்கட கையில இருக்கிறதுதான். 608இன்ர வெளி விட்டம் 21.991க்கும் 22.000க்கும் இடையில. 22.01இல பூச்சியப் பிழை 0.01ஐக் கழிச்சால் 22.00. இரண்டு இடத்திலயும் ஒரே அளவு பிழை எண்டால் புரி தேயேல்லை, பூச்சியம் மட்டும்தான் விலகி நிக்குது. 608இன்ர துளைக்கு நடுவால வைக்காமல் வெளி வளையத்தின்ர முழு அகலத்திலயும் பிடிச்சு, ராச்செட் மூண்டு தரம் கிளிக் எண்டதும் வாசியுங்கோ. ராச்செட்டை விட்டு சுத்திற உருளையைப் பிடிச்சு இறுக்கினால் ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு அளவு வரும்.

பூச்சியத்தைத் திருத்த முதல் முகத்தைத் துடையுங்கோ, அந்த 0.01 வெறும் ஊத்தையாவும் இருக்கலாம். சுத்தமான கடதாசி ஒண்டை முகங்களுக்கு இடையில வைச்சு மெல்ல மூடி, இழுத்து எடுங்கோ. பிறகும் 0.01 நிண்டால் பெட்டிக்குள்ள இருக்கிற கொக்கிச் சாவியை ஸ்லீவின்ர ஓட்டையில போட்டு ஸ்லீவைத் துளி திருப்புங்கோ. வாங்க முதல் இன்னும் ஒண்டு: 0 தொடக்கம் 25 வரை சுத்திப் பாருங்கோ. ஏதாவது ஒரு இடத்தில மட்டும் இறுகினால் புரியில ஊத்தை, அல்லது கீழ விழுந்த சாமான். முதலாவது கழுவப் போகும், இரண்டாவது போகாது.

மாங்குளம்

ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்க முதல் வைக்கிற இடத்தை யோசியுங்கோ. கறள் முதல்ல ஏறிறது ஸ்பிண்டிலில, அதாவது மைக்ரோமீற்றரில முன்னுக்குப் பின்னுக்கு நகர்ற தண்டில. வேலை முடிய சீலைத்துண்டால துடைச்சு, மெல்லிய மெசின் எண்ணெய் தடவி, முகங்களுக்கு இடையில ஒரு மி.மீ. இடைவெளி விட்டு வையுங்கோ. மூடி இறுக்கி வைச்சால் இடையில ஈரம் நிண்டு கறள் பிடிக்கும். பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பைக்கற் ஒண்டு போதும். அரிசி போடுற பழக்கம் ஒண்டு இருக்கு, வேண்டாம், அதின்ர தூள் புரிக்குள்ள போகும்.

தகரக் கூரைக்குக் கீழ வெயிலில கிடந்த மைக்ரோமீற்றரை எடுத்த கையோட அளக்கவும் கூடாது. உருக்கு ஷாஃப்டும் கருவியும் ஒரே மேசையில கொஞ்ச நேரம் கிடந்தால் இரண்டும் ஒரே மாதிரி விரியும், பிழை வெட்டுப்பட்டுப் போகும். அலுமினியம் அப்பிடி இல்லை, அது உருக்கின்ர இரண்டு மடங்கு விரியும். அளவுகள் 20 பாகைக்குத்தான் சொல்லப்படுறது. எங்கட 34 பாகையில 25 மி.மீ. அலுமினியம் நாலு மைக்ரோன் கூடக் காட்டும்.

6203இன்ர வெளி விட்டம் 40 மி.மீ. அது இருக்கிற கூடு கடையேக்க இந்த 0–25 உதவாது. அதுக்கு 25–50 ஒண்டும் துளைக்குள்ள விரிச்சு அளவெடுக்கிற ரெலஸ்கோப் கேஜும் வேணும். அதுவரைக்கும் பெயாரிங்கையே வைச்சுப் பார்த்துப் பார்த்துக் கடையுங்கோ.