‘ராக்கம்மா கையத் தட்டு’ பாடலை ஒன்பது பேர் மேடையேற்றிய அனுபவம்

மும்பையின் செம்பூரில் இயங்கும் எங்கள் மெல்லிசைக் குழுவில் மொத்தம் ஒன்பது பேர்தான். மாதுங்காவில் நடந்த ஒரு பொங்கல் விழாவுக்கு, 1991-இல் வெளிவந்த ‘தளபதி’ படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ பாடலை எடுத்துக்கொண்டோம். இளையராஜா அப்பாடலை இதே மும்பையில், இந்தித் திரையிசையமைப்பாளர் ஆர்.டி. பர்மனின் வாத்தியக் குழுவினரைக் கொண்டு ஒலிப்பதிவு செய்தார் என்பதால் எங்களுக்கு அதன்மேல் கொஞ்சம் ஊர்ப்பற்றும் உண்டு. ஆனால், அதில் கேட்கும் அத்தனை வயலின்களுக்கும் ஈடாக எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வயலின்.

நோட்ஸ் எழுதும் பொறுப்பு என்னுடையது. காதில் விழுந்த அனைத்தையும் இரண்டு கீபோர்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். முதல் ஒத்திகையில் எல்லாம் கலங்கிய குட்டையாகக் கேட்டது. பேஸ் கிட்டார் ஒலிக்கும் இடத்திலேயே கீபோர்டின் இடது கையும் உறுமிக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று புரிந்ததும், அந்தக் கைக்குப் பெரும்பாலும் ஓய்வு கொடுத்துவிட்டேன். அடுத்த தொல்லை வேறு வகை. தொடக்கத்தில் வரும் விறுவிறுப்பான பிட்டை வயலினுடன் கீபோர்டும் சேர்ந்து வாசித்தபோது, கீபோர்டு ஒவ்வொரு சுரத்திலும் மயிரிழை பிந்தியது. வாசித்தவரைக் கடிந்துகொண்டேன், பாவம், பிழை அவருடையதன்று. அவர் தேர்ந்தெடுத்திருந்த ஸ்டிரிங்ஸ் டோன் மெல்ல எழும்பி நிறைவது; நீண்ட சுரங்களுக்கு அது இதமாக இருக்கும், வேகமான பிட்டிலோ ஒரு சுரம் முழுதாக ஒலிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒலி எழும்ப எடுத்துக்கொள்ளும் அட்டாக் நேரத்தைக் குறைத்தவுடன் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

பாடகருக்காகச் சுருதியை அரைக் கட்டை இறக்கினோம். கீபோர்டுக்குச் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது; கர்நாடக இசை பயின்ற எங்கள் வயலின்காரரோ தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கிக்கொண்டு, பழகிய விரலமைப்பிலேயே வாசித்தார்.

பின்னணியை முன்பே பதிந்துவைத்து டிராக்காக ஓடவிடலாம் என்று குழுவில் சிலர் யோசனை கூறினார்கள். டிராக் யாருக்காகவும் காத்திருக்காது என்பதால் நான் இசையவில்லை. நிகழ்ச்சியன்று, ‘குனித்த புருவமும்’ என்ற அப்பர் தேவாரப் பகுதிக்குக் கூட்டத்தில் எழுந்த கைதட்டலில் எங்கள் பாடகர் மயங்கி, அதன்பின் தாம் எடுக்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்து ஒரு ரோல் கொடுத்தார். எல்லோரும் இன்னொரு சுற்று வாசித்தோம். பாடகர் இம்முறை சரியாக வந்து சேர்ந்துகொண்டார்.