ரோ.43-க்கு என்ன பெயர்? கவணும் மிதவையும்

அன்புள்ள குழுவினருக்கு,

ரோ.43 என்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இத்தாலியக் கடற்படை போர்க்கப்பல்களிலிருந்து வீசிப் பறக்கவிட்ட வேவு விமானம். நம் கட்டுரையில் இந்த வகை விமானத்தைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு, கடல் விமானம், நீர்விமானம், கப்பலேவு வானூர்தி, உளவு மிதப்பி என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. கடைசியை முதலில் ஒதுக்கிவிடலாம், தூண்டில்காரர் கடையில் கேட்கிற சாமான் மாதிரி இருக்கிறது. மற்றவற்றை எடைபோடும் முன், அந்த விமானம் எப்படி வேலை செய்தது என்று பார்த்துவிடுவோம்.

ரோ.43 முதலில் பறந்தது 1934-இல். மேலும் கீழுமாக ஈரடுக்கு இறக்கை, 700 குதிரைத்திறன் பியாஜியோ எஞ்சின், இரண்டு பேர். வயிற்றுக்கு அடியில் ஒரு பெரிய மிதவை, கீழ் இறக்கையின் நுனிகளில் இரண்டு சின்ன மிதவைகள். கப்பலில் இடம் மிச்சமாக இறக்கைகள் மடங்கும். ஜாரா வகை கனரகக் குரூசர்களில் (போர்க்கப்பலைவிடச் சிறிய, வேகமான சண்டைக் கப்பல்கள்) இதை வீசும் பொறி, அதாவது கேட்டபல்ட், கப்பலின் மூக்கிலேயே இருந்தது, விமானக் கொட்டகை அங்கே தளத்துக்கு அடியில். லித்தோரியோ வகைப் போர்க்கப்பல்களில் எல்லாம் பின்தளத்தில்.

இத்தாலியிடம் அப்போது விமானந்தாங்கிக் கப்பல் கிடையாது. நாடே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, கரை விமானங்கள் போதும் என்பது முசோலினி ஆட்சியின் கணக்கு. அதனால் கடற்படைக்குத் தன் கண்ணாக இருந்தது இந்தச் சின்ன விமானம்தான். அதிலும் ஓட்டுபவர் விமானப்படைக்காரர், பின்னிருக்கையில் பார்ப்பவர் கடற்படை அதிகாரி! 1941 மார்ச் 28 விடியலில், கிரேக்கத்தின் தெற்கே நடந்த மாட்டபன் முனைச் சண்டைக்கு முன், பிரிட்டிஷ் குரூசர்களைக் கண்டுபிடித்தது லித்தோரியோ வகைக் கப்பலான வித்தோரியோ வெனேத்தோ அனுப்பிய ரோ.43 தான்.

இனி முக்கியமான விஷயம். வேலை முடிந்ததும் கப்பலருகே நீரில் இறங்கி, பாரந்தூக்கியால் மேலே ஏற வேண்டும் என்பது ஏட்டளவில் சரி. ஆனால் ரோ.43-இன் உடம்பு அலைக்குத் தாங்காது. ஆகவே பெரும்பாலும் கரைத் தளத்துக்குப் போய் இறங்கிவிடும். கப்பலுக்கு அது ஒரே வீச்சுதான். எனவே பெயரில் வீச்சு தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

'கப்பலேவு' இதற்குப் போதவில்லை. விமானந்தாங்கியில் ஓடிக் கிளம்புவதும் கப்பலிலிருந்து ஏவப்படுவதுதானே. இங்கே நடப்பது வேறு: குட்டைத் தண்டவாளத்தில் வண்டிமேல் விமானத்தை வைத்து, அழுத்தக்காற்றாலோ வெடிமருந்தாலோ சட்டென்று தள்ளுகிறார்கள். அதற்குக் 'கவண்' போதும். தினைப்புனத்தில் கிளி விரட்டுவதை இங்கே இழுப்பதா என்று ஒருவர் கேட்டிருந்தார். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதிலில் இருப்பது 'கல்லுமிழ் கவண்', அது கைக்கருவி இல்லை, பொறி.

கடல் விமானம், நீர்விமானம் இரண்டும் பொதுப்பெயராக இருக்கட்டும். ஆனால் உள்ளே இரண்டு சாதி உண்டு. மக்கி எம்.18 என்ற இன்னொரு இத்தாலிய விமானத்தின் உடலே படகு, அதைப் பறக்கும் படகு என்கிறோம். ரோ.43 மிதவைமேல் நிற்பது, ஆகவே மிதவை விமானம். இரண்டையும் குழப்பினால் கட்டுரையே குழம்பும்.

உளவா வேவா என்ற சண்டையில் நான் வேவு பக்கம். உளவு என்றால் மாறுவேடம், மறைவு எல்லாம் வந்துவிடுகிறது. 'வேவு விமானம்' ஈழத்து நண்பர்களுக்குச் செய்திகளிலேயே பழகிய சொல், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது வேலையின் பெயர், பொருளின் பெயரோடு ஒட்டவைக்க வேண்டாம்.

ஆக, 'கவண் மிதவை விமானம்'. கொஞ்சம் நீளம்தான். ஆனால் பிரிக்க முடிகிறதே! பிற்பாடு லித்தோரியோ வகைக் கப்பல்கள் ரெஜியானே ரெ.2000 சண்டை விமானங்களையும் கவணில் ஏற்றின. அவற்றுக்குச் சக்கரம்தான், மிதவை இல்லை. அங்கே 'கவண் விமானம்' என்று நிறுத்திக்கொள்ளலாம்.

பெரிய மிதவையை 'நடுமிதவை' என்றும் சிறியவற்றை 'நுனிமிதவை' என்றும் வரைவில் போட்டிருக்கிறேன். இறக்கை மடிக்கும் கீலுக்கு 'மடிமூட்டு' சரியா? தச்சு வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.