சுகர் இருக்கிற அம்மாவுக்கு ஈறுக்கு லேசர் வைக்கலாமா?

குகைக்காரன்:
வணக்கம்ங்க. அம்மாவுக்கு 58 வயசு, சுகர் வந்து 11 வருஷம். போன மாசம் பார்த்த சுகரோட மூணு மாச சராசரி (HbA1c) 9.2. கீழ்வரிசை முன்பல் ரெண்டு நாக்கால தள்ளினாலே ஆடுது. காலையில தலையணை உறையில ரத்தக்கறை. தட்டுவடை செட்டுன்னா அவங்களுக்கு உசுரு. இப்ப தட்டுவடையைச் சட்னியில ஊறப்போட்டு, பீட்ரூட் துருவலை ஓரமா ஒதுக்கிட்டுச் சாப்பிடறாங்க. பார்க்க மனசு கேக்கல.

ஒரு கிளினிக்ல அளந்துட்டு பாக்கெட், அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல விழுந்த பள்ளம், 6 மில்லிமீட்டர் ஆழம்னாங்க. சுகர் இருக்கிறதால கத்தி வேணாம், லேசர் போட்டா ஒரே தடவையில சரியாயிடும், 28 ஆயிரம் ஆகும்னு சொல்றாங்க. அம்மா கொலுசுக்குச் சலங்கை கோர்க்கிற கூலி வேலை. கடன் வாங்கியாவது பண்ணிடலாமா?

நாகலூர்:
கடன் வாங்காதீங்க தம்பி. எங்கப்பாவுக்கும் இதே நிலைமைதான். ஏற்காடு மலையிலிருந்து சேலம் அரியானூர் பல் மருத்துவக் கல்லூரிக்கு நாலு தடவை கூட்டிட்டுப் போனேன். மரத்துப்போக ஊசி போட்டு வாயைப் பகுதி பகுதியா ஆழமா சுத்தம் பண்ணினாங்க. லேசர் இல்லை. ரெண்டு மாசத்துல ரத்தம் நின்னுடுச்சு.

ஈறு மருத்துவர், அஸ்தம்பட்டி:
ஆழமா சுத்தம் பண்றது ஆபரேஷன் இல்லைங்க. அதுதான் முதல் வைத்தியம், சுகர் இருந்தாலும் அதேதான். நம்ம ஊர்ல பல கிளினிக்ல இருக்கிறது டயோடு லேசர். ஈறுச்சதையில இருக்கிற கிருமியைக் கொல்லும், ஆனா வேர்ல கல்லா ஒட்டின காரையை எடுக்காது. காரை அங்கேயே இருந்தா சீழ் திரும்ப வரும். ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்பு 2020-ல வெளியிட்ட வழிகாட்டுதலும், சுத்தம் பண்றதோட லேசரைச் சேர்க்கப் பரிந்துரைக்கலை.

சுகருக்கும் பலன் உண்டு. ஈறு வீக்கத்துல உண்டாகிற ரசாயனங்கள் ரத்தத்துல கலந்து இன்சுலினை வேலை செய்ய விடாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுற காக்ரேன் அமைப்போட 2022 தொகுப்புல, ஈறுக்கு வைத்தியம் பார்த்த சுகர்க்காரங்களுக்கு மூணு நாலு மாசத்துல, நீங்க சொன்ன அந்த HbA1c சராசரி சுமார் 0.43 இறங்கியிருக்கு. இந்தப் பலன் லேசராலதான்னு நினைச்சுடாதீங்க.

காலையிலேயே போங்க. சாப்பிட்டு, மாத்திரை போட்டுட்டு, ரிப்போர்ட்டோட. மூணு மாசம் கழிச்சுத் திரும்ப அளக்கச் சொல்லுங்க. அப்பவும் 6 மில்லிமீட்டரா நின்னு ரத்தம் வந்தா ஈறைத் திறந்து சுத்தம் பண்றதைப் பேசலாம். 9.2-ல புண் ஆற நாளாகும், அதனால சுகர் டாக்டரையும் சேர்த்துப் பாருங்க. அம்மா பொயிலை போடுவாங்களா?

குகைக்காரன்:
போடறாங்க டாக்டர். வெத்தலையோட, பட்டறையில எல்லாரும் போடறதுதான். எழுத விட்டுட்டேன். உங்க பதிலை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். பொயிலைன்னு வந்த இடத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. இன்னும் விடறேன்னு சொல்லல. திங்கட்கிழமை எட்டு மணி பஸ்ல அரியானூர் கிளம்பறோம்.